நாலு மணி நேரப் பயணம்

"இப்ப எங்க வந்திருக்கான்?"

கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"கடலுக்கு மேல வந்துட்டிருக்காம்ப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம்" என்றாள் மகள்.

எதிர்வீட்டு அக்கா அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நோயாளியைப் பார்க்க வந்தவள், நோயாளியைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தாள். மகள் காலையில் போட்டுக்கொண்ட சாப்பாடு தட்டில் காய்ந்து கிடந்ததையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நேத்தும் இதே ரெண்டு மணி நேரம்தான் சொன்னே. அங்கேருந்து இங்க பிளேன்ல மொத்தமே நாலு மணி நேரம். உன் அண்ணன் என்ன, நடந்தா வர்றான்?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் கெளம்பவே இல்லக்கா. லீவு கிடைக்கலையாம். அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"போற உயிர்கிட்ட பொய்யா? அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது. இரு, நானே சொல்லிடறேன்."

தடுப்பதற்குள் விறுவிறுவென்று அறைக்குள் போய்விட்டாள். மகள் பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு பேரையும் தாண்டி வாசல் பக்கம் பார்த்தார்.

"வந்துட்டான்."

திரும்பிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. சாத்தியிருந்த கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

"ஏன்டா அங்கேயே நிக்கிறே? பெட்டியை வெச்சுட்டு வா. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

அப்பாவின் கண்கள் வாசலிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து வந்தன. அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. அவன் மேல இடிக்கிறீங்க."

அக்காவுக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சுவரை ஒட்டியே நடந்து வெளியேறினாள்.

மகள் மறுபடி வாசலைப் பார்த்தாள். வெளுத்த முகமா? அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா கட்டிலின் காலி ஓரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மெத்தை லேசாக அமுங்கியிருப்பதாக அவளுக்குப் பட்டது.

கடைசியில் அண்ணன் எடுத்தான். "மீட்டிங்ல இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா மட்டும் கூப்பிடு."

வைத்துவிட்டான்.

நன்றாகத்தான் இருக்கிறான். அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பது யார்?

"அந்தம்மா போயாச்சா?"

அப்பாவின் குரல் தெளிவாக இருந்தது.

"போய்ட்டாங்கப்பா."

"கதவைச் சாத்திட்டு வா. நல்லாப் பயந்துட்டாங்க. இனி உன்னை வந்து கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "அப்பா... அண்ணன்..."

"ஆயுசு பூரா லாரி ஓட்டினவன்மா நான். எந்த ஊருக்கு எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாதா?"

அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மணி நேரத் தூரத்தை ரெண்டு நாளா நீ ஒருத்தியே ஓட்டிட்டிருக்கே. போதும். வண்டியை ஓரங்கட்டிட்டு, போய் ஒரு வாய் சாப்பிடு."