மாதிரிப் பத்திரம்

“எங்கம்மாகிட்ட நைச்சியமாப் பேசி வீட்டையே எழுதி வாங்கிட்டா சார் ஒருத்தி. உடனே ரத்து பண்ணுங்க!”

மகன் மேசையைக் குத்தியதில் வக்கீலின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவன் கையோடு இழுத்து வந்திருந்த அம்மா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் பத்திரத்தைப் புரட்டினார். “இது தானப் பத்திரம். அம்மா மனசாரக் கொடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணும் ஏத்துக்கிட்டுக் குடிபோயாச்சு, பதிவும் ஆயிடுச்சு. இனி அம்மாவே நினைச்சாலும் திரும்ப வாங்க முடியாது.”

“எங்கேயாவது ஓட்டை இருக்கும், நல்லாப் பாருங்க சார்.”

“ஒண்ணுகூட இல்லையே. ‘எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய இயலாது’ன்னு மூணு இடத்துல போட்டிருக்கு.”

“எந்தப் படுபாவி சார் இப்படி எழுத வெச்சது? அவனை உள்ளே தள்ளணும்!”

அம்மா நிமிர்ந்தாள். “நீதான்டா.”

“நானா?”

“பொண்டாட்டி கேஸ் போட்டதும், அவளுக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாதுன்னு உன் வீட்டை என் பேருக்குத் தானமா எழுதினியே, மறந்துட்டியா? கைக்குழந்தையோட வந்து நின்னவளை, ‘இது எங்கம்மா வீடு, வெளியே போடீ’ன்னு விரட்டினே. மறுநாளே நான் பத்திரம் எழுதறவர்கிட்டப் போனேன்டா.”

மகன் வக்கீலைப் பார்த்தான். அவர் குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

“மாதிரிக்கு ஒரு பழைய பத்திரம் இருக்கான்னு பத்திரம் எழுதறவர் கேட்டார். உன் பத்திரத்தையே நீட்டினேன். ‘பேரை மட்டும் மாத்தி என் மருமகளுக்கு எழுதுங்க. மத்தபடி ஒரு வரியையும் தொடாதீங்க, என் பையன் யோசிச்சு யோசிச்சுப் போட்டது’ன்னேன்.”