நீலக் கானும் சிவப்புக் கானும்

"நான்தான் ஊத்தினனான் அக்கா. என்ர மனிசிக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

பொனிபஸ் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றின் நான்காம் மாடியில் சிறிய அறை. எதிரே தீயணைப்புப் படையின் விசாரணை அதிகாரி. நடுவில், மொழிபெயர்க்க வந்திருந்த ராஜகுமாரி.

"நீங்க சொல்றத அப்படியே சொல்றதுதான் தம்பி என் வேலை," என்றாள் ராஜகுமாரி. மலேசியாவில் பிறந்தவள். இந்தத் தொழிலுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. "ஒரு தடவை சொல்லிட்டா எழுதிடுவார். யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

1993 ஜூலை மாதம் அது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு காலை, பொனிபஸின் வீட்டில் மண்ணெண்ணெய் ஹீற்றரைப் பற்றவைத்ததும் அது குப்பென்று வெடித்து எரிந்தது. பக்கத்தில் நின்ற ஆறு வயது மகள் யசிந்தாவின் கால்கள் இரண்டும் வெந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை என்று நேற்றுத்தான் டாக்டர் சொன்னார். ஹீற்றருக்குள் மண்ணெண்ணெயோடு பெற்றோல் கலந்திருந்ததாக ஆய்வுகூட அறிக்கை வந்துவிட்டது.

எரிபொருளை வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"வீட்டுக்குள்ள வைக்கிறேல்லை. பின்வளவில தகரக் கொட்டில் இருக்கு. நீலப் பிளாஸ்டிக் கானில மண்ணெண்ணெய். சிவப்புக் கானில புல்லு வெட்டுற மெஷினுக்குப் பெற்றோல். இரண்டிலயும் தமிழில பேர் எழுதி, ஒண்டு இந்தச் சுவரோட, மற்றது அந்தச் சுவரோட வச்சனான். ஹீற்றரை நிப்பாட்டி, ஆறவிட்டு, வெளியில கொண்டுபோய்த்தான் நிரப்புறது."

"இவ்வளவு கவனமாக இருந்தும் எப்படி மாறியது?"

"வேலைக்குப் போற அவசரம். வெளிச்சமும் இல்லை. சிவப்புக் கானை எடுத்து ஊத்திப்போட்டன்."

அப்படியானால் வழக்கு வரலாம் என்றார் அதிகாரி.

"தெரியும். எங்கட அகதி விண்ணப்பத்துக்கும் இன்னும் முடிவு வரேல்லை. எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில தாய் இருக்க வேணும்."

அவன் எழுந்து வெளியே போனான். அடுத்து அவன் மனைவி டொறத்தி உள்ளே வந்தாள். வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் விலகிப் போனதை ராஜகுமாரி கவனித்தாள். பிள்ளையின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பார்களாம். பன்னிரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"அவர் என்ன சொன்னவர் அக்கா?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா."

"என்ன சொல்லியிருந்தாலும் வெட்டிவிடச் சொல்லுங்கோ. நான்தான் ஊத்தினனான்."

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ராஜகுமாரிக்கு மொழிபெயர்க்க நா எழவில்லை. அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லி முடித்தாள்.

"அவர் வேலைக்குப் போன பிறகுதான் ஊத்தினனான்," டொறத்தி தொடர்ந்தாள். "சிவப்புக் கானைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. மணம் தெரியேல்லை. பிறகு பற்றவச்சதும் நான்தான்."

"மண்ணெண்ணெயை வாங்கி வந்தது யார்?"

"அவர். சனிக்கிழமை பெற்றோல் ஸ்டேஷனில வாங்கினவர்." உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அவர் சரியாத்தான் வாங்கினவர். அவரில ஒரு பிழையும் இல்லை. வழக்குப் போட்டு மறியலில அடைக்கிறதெண்டா என்னை அடைக்கட்டும்."

அதிகாரி பேனாவை மூடினார். பொனிபஸையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். அவன் வந்து, மனைவிக்கு ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தான்.

அதிகாரி நிதானமாக, நீளமாகப் பேசினார். கேட்டு முடித்த ராஜகுமாரி கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"கொட்டில்ல இருந்த சிவப்புக் கானை அன்னிக்கு யாருமே தொடலையாம். மூடி மேல சிலந்தி வலை அறுபடாம அப்படியே இருந்துச்சாம். போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. பெற்றோல் கலந்திருந்தது நீலக் கான்லதான்."

டொறத்தி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள். "சேர், அவர் தெரியாமல் செய்தவர். பிள்ளைக்குச் சளி பிடிக்குதெண்டுதான் ஓடிப்போய் வாங்கினவர். வேணுமெண்டு செய்யேல்லை."

பொனிபஸ் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"இருங்கம்மா, இன்னும் முடியல," என்றாள் ராஜகுமாரி. "அவர் சரியான பம்புலதான் வாங்கியிருக்கார். அந்த ஸ்டேஷன்ல, பூமிக்கடியில இருக்கிற மண்ணெண்ணெய்த் தொட்டியில பெற்றோலை மாத்தி இறக்கிட்டாங்களாம். அங்க வாங்கின இன்னும் மூணு வீட்டுலயும் அதே வாரம் நெருப்புப் பிடிச்சிருக்கு. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

பொனிபஸ் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீ அவசரத்தில கான் மாறி எடுத்து ஊத்திப்போட்டாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றான் பொனிபஸ்.

"நீங்கள் பம்பு மாறிப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றாள் டொறத்தி.