மூச்சு முட்டிய குழாய்

நூல் மில் ஒன்றின் கூரையில் பழைய காற்றுக்குழாய் ஒன்று இருந்தது. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு அதற்கு மூச்சே வரவில்லை. மில்காரர்களுக்குத் தெரிந்தால் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, நாளெல்லாம் பெரிதாக இரைச்சல் போட்டுச் சமாளித்து வந்தது.

ஒருநாள், காற்றின் வேகத்தை அளக்கும் கைக்கருவியை அதன் வாயருகே பிடித்தார்கள்.

"தம்பி, ஒரு நல்ல நம்பரா காட்டிடுப்பா," என்று கெஞ்சியது குழாய்.

"காத்து வந்தாத்தானே அண்ணே காட்ட முடியும்?" என்றது கருவி. அதன் சின்ன விசிறி அசையவே இல்லை.

குழாயைக் கழற்றினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று அது நடுங்கியது. அவர்களோ உள்ளே கைவிட்டு, மூட்டையளவு பஞ்சை உருவி எறிந்துவிட்டு, திரும்ப மாட்டினார்கள். அவ்வளவுதான்!

நெஞ்சு நிறையக் காற்று பாய்ந்ததும் குழாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஊதித் தள்ளியது.

"மெதுவா அண்ணே, தலை சுத்துது!" என்று கத்தியது, மறுபடி வாயருகே பிடித்திருந்த கருவி.