பக்கத்து மிஷின்

"ஏனக்கா, கண்ணை ஊட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா? கை எப்படித் திருகிட்டு நிக்குது பாரு! தோளுகிட்ட துணியைப் புடிச்சு இழுக்காதே, அது போக்குல விடுன்னு எத்தனை தடவ சொல்றது?"

சூப்பர்வைசர் பொன்னாத்தாள் போட்ட சத்தத்தில், தையல் மிஷின் இரைச்சலையும் மீறி அந்த நல்லூர் பனியன் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. செக்கிங்கில் கழித்துப் போட்ட டி-ஷர்ட்டுகளை ரங்காத்தாளின் மிஷின் மேல் எறிந்துவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

ரங்காத்தாள் பொன்னாத்தாளைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் எறிந்ததை எடுத்து வைத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவள் செல்லத்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இவளுக்கும் ரங்காத்தாளைப் போலவே டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற வேலைதான். அங்கே திட்டு விழும்போதெல்லாம் இவள் பயந்துபோய்த் தன் தையலைத் தடவிப் பார்ப்பாள். தோள்பட்டையில் துணியை இழுக்காமல் விடுவாள். நமக்கு விழவில்லையே என்று ஒரு நிம்மதி, அப்படி நினைத்ததற்காகவே ஒரு வெட்கம்.

இவர்களுக்குள் என்ன பகை?

சாப்பாட்டு நேரத்தில் அதைவிடப் பெரிய கூத்து. காலையில் கிழித்தவளும் கிழிபட்டவளும் ஒரே தூக்குப்போசியில் கை விட்டுச் சாப்பிட்டார்கள். செல்லத்தாய்க்கு மண்டை காய்ந்தது.

"ஏன் பெரியம்மா, இந்த வையு வையுதாங்க, நீங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேக்க மாட்டீங்களா?"

"கேட்டு என்ன கண்ணு ஆகப்போகுது? நீ வேலையைப் பாரு."

பயம்தான், வேறென்ன! செல்லத்தாய் முடிவே கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குப் புது எச்.ஆர். ஆக கீர்த்தனா வந்தாள். வந்த வேகத்தில் 'மனிதர்களே எங்கள் முதல் சொத்து' என்று வாசலில் பலகை வைத்து, முதலாளியை அதற்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோவும் எடுத்தாயிற்று. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். தொழிலாளியை யாராவது மிரட்டுவதாகத் தெரிந்தால் ஆர்டர் போய்விடும். அப்படி யாரும் இருந்தால் உடனே நிறுத்திவிடலாம் என்று முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

கீர்த்தனா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். எல்லோரும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நழுவினார்கள். செல்லத்தாய் மட்டும் கொட்டித் தீர்த்தாள்.

"கேக்க ஆளில்லன்னு தெனமும் வையுதாங்க மேடம். அந்தப் பெரியம்மா எதுத்தே பேச மாட்டாங்க. பாக்கவே பாவமா இருக்கு."

மூன்று பேரையும் ஒன்றாக நிற்க வைத்தாள் கீர்த்தனா.

"பொன்னாத்தாக்கா, இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா?"

"திட்டறது நெசந்தானுங்க."

"எதுக்கு?"

"துணி கெட்டுப்போச்சுங்க. திட்டுனேன்."

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

பொன்னாத்தாள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அப்படின்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

பொன்னாத்தாளின் முகம் செத்துப்போயிற்று. அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அது கம்பெனிக்கே தெரியும். செல்லத்தாய்க்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"அம்மிணி, ஒரு நிமிசமுங்க" என்றாள் ரங்காத்தாள்.

"அக்கா, வேண்டாம். நீ சும்மா இரு!"

"வேலையே போகுது, இன்னும் என்ன சும்மா இருக்கறது?" ரங்காத்தாள் கீர்த்தனாவிடம் திரும்பினாள். "அந்தத் துணியில ஒண்ணுகூட நான் தைச்சதில்லீங்க."

"அப்புறம் யார் தைச்சது?"

ரங்காத்தாள் செல்லத்தாயின் தோளில் கை வைத்தாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. எல்லாம் நீ தைச்சதுதான்."

"அப்புறம் எதுக்கு உங்களைத் திட்டினாங்க?" என்றாள் கீர்த்தனா.

"புதுசா வர்ற புள்ளைகளை நாலு பேரு முன்னால ஒரு சொல்லு சொல்லிப்போட்டா, அழுதுட்டே ஊருக்கு பஸ் ஏறிருதுங்க. அங்க போனா எவனுக்காச்சும் கட்டிக் குடுத்தர்றாங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னாலும், வெளிய வரும்போது எல்லாரும் மூஞ்சியப் பாக்கறாங்க. அதுதான் நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோமுங்க. அவ என்னைத் திட்டுவா, பக்கத்துல இருக்கற புள்ளை கேட்டுட்டுத் தானாத் திருத்திக்கும். நான் எங்கீங்க பஸ் ஏறப் போறேன்? என்ற ஊடு அடுத்த சந்துலதான இருக்குது!"

தோளுகிட்ட இழுக்காதே என்றது தனக்கா? செல்லத்தாய் பொன்னாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சுக்கா" என்று விம்மினாள். அவமானமும் நன்றியும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

கீர்த்தனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்க லைனுக்குப் போய் வேலையைப் பாருங்க, பொன்னாத்தாக்கா" என்றாள், மெதுவாக.

வெளியே வந்ததும் பொன்னாத்தாள் ரங்காத்தாளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளை மூஞ்சி எப்படிச் சுண்டிப்போச்சு பாத்தியா? அத முன்னால வெச்சுட்டா போட்டு ஒடைப்பே? அறிவிருக்குதா உனக்கு?"

ரங்காத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் வாங்கிய முதல் திட்டு அதுதான்.