தளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

"இந்த வீட்டில உமக்கு என்ன குறை? ஒண்டைச் சொல்லும் பாப்பம்" என்றான் யசீகரன்.

லின்ஃபீல்ட் புறநகரில் அவனும் மனைவி வதனியும் பார்த்த நான்காவது வீடு அது. மூன்று அறைகள், நல்ல வெயில் விழும் குசினி, மகள் பிரணவி நடந்தே போகக்கூடிய தூரத்தில் அவளுடைய பள்ளிக்கூடம். வீடு விற்கும் முகவர் ஷால்வின் வாசலில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வதனி ஒரு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இஞ்ச இருந்து பேஸுக்கு எவ்வளவு நேரம்?"

பேஸ் என்று அவள் சொன்னது ஃபெனுவாபாயில் உள்ள விமானப்படைத் தளத்தை. யசீகரனுக்கு இரண்டு வேலை. பெரும்பாலான நாட்களில் பயணிகள் விமானம் ஓட்டுவான். மாதத்தில் ஐந்தாறு நாள் விமானப்படையின் பகுதிநேரப் பிரிவான ரிசேர்வில் சரக்கு விமானம். ஒரு காலத்தில் முழுநேரமும் அங்கேதான் இருந்தான். விலகி வந்த பிறகும் ரிசேர்வை விட மனம் வரவில்லை. எயார்போர்ட் ஊருக்குத் தெற்கே, தளம் வடமேற்கே. எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒன்று கிட்ட வரும், மற்றது எட்டப் போய்விடும்.

"ரோட்டில வாகனம் இல்லையெண்டால் இருபத்தைஞ்சு நிமிஷம்" என்றான்.

"காலமை?"

"சுரங்கப் பாதையில வாகனம் நெரிஞ்சால் ஐம்பது வரும். அது மாதத்தில அஞ்சு நாள்தானே. எயார்போர்ட் பதினைஞ்சு நிமிஷம். உம்மட ஹொஸ்பிட்டலும் கிட்ட."

"ஐம்பது சரிவராது. அந்த ஹொப்சன்வில் வீட்டை இன்னொருக்காப் பாப்பம்."

ஷால்வின் தன் காரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். யசீகரன் பின்னால் ஓட்டினான்.

ஹொப்சன்வில்லில் இருந்து தளத்துக்குப் பத்தே நிமிடம். ஆனால் வதனி நேர்ஸாக வேலை செய்யும் ஹொஸ்பிட்டலுக்குக் காலை நேரத்தில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பிரணவி பள்ளிக்கூடம் மாற வேண்டும். அந்த வீட்டால் யாருக்கும் ஒரு வசதியும் இல்லை, அவனுடைய ரிசேர்வைத் தவிர.

அதுதான் அவனை உறுத்தியது. சிறு வயதிலேயே பெற்றோருடன் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்துவிட்டவன் அவன். வதனியோ கிளிநொச்சியில், விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடி வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அவன் சீருடையோடு வந்து நின்றால் மெல்ல எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். ஒருநாளும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. போன வருடம் ஒரு தீவில் புயல் அடித்தபோது அவளுடைய பிறந்தநாள் அன்றுதான் அழைப்பு வந்தது. அவளே அவனுடைய பையை அடுக்கிக் கொடுத்தாள். இப்போது தளத்தின் வாசலிலேயே வீடு தேடுகிறாள். இவ்வளவையும் தனக்காக விழுங்கிக்கொள்கிறாள் என்று நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஹொப்சன்வில் வீட்டின் பின்பக்கம் படி வைத்த பலகைத் திண்ணை போட்டிருந்தது. அவர்கள் அங்கே வந்து நின்றபோது ஒரு பெரிய விமானம் கூரைக்கு மேலால் தாழப் போனது. சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று ஷால்வின் ஆங்கிலத்தில் சங்கடத்தோடு சொல்லிவிட்டு, அவர்களைத் தனியே விட்டு உள்ளே போனார். வதனி அது மறையும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரிசேர்வை விடப்போறன்" என்றான் யசீகரன்.

அவள் திரும்பினாள். "ஏன்?"

"எனக்காக நீர் விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வேலைக்கு ஓட ஏலாது. பிள்ளையையும் பள்ளிக்கூடம் மாத்த ஏலாது. கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். நாளைக்குக் குடுத்திடுவன். லின்ஃபீல்ட் வீட்டையே எடுப்பம்."

"பிரணவியோட நான் கதைச்சிட்டன். அவளுக்குச் சம்மதம்."

"வதனி, கூப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள அங்க நிக்கவேணும். அந்த ஒண்டுக்காக முழுக் குடும்பமும்..."

"ஒரு மணித்தியாலம் உங்களுக்கு. காயக்காரரை ஏத்தப் போற பிளேன் எண்டால் நேர்ஸ்மார் அரை மணித்தியாலம் முந்தி வரவேணும். சாமானெல்லாம் சரிபாக்க."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

வதனி படியில் உட்கார்ந்தாள். "புயலுக்குப் போய் வந்த அண்டைக்கு நீங்கள் சாப்பிடேல்லை. என்னெண்டு கேட்டன். பிளேனில பதினாறு காயக்காரருக்கு ஒரே ஒரு நேர்ஸ், அந்தப் பிள்ளை ஓடி ஓடிக் களைச்சுப்போச்சுது எண்டு சொன்னியள்."

"ஓம்."

"அதுக்குப் பிறகு எனக்கும் நித்திரை வரேல்லை." கைப்பையில் இருந்து கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். "கிடைக்குமோ இல்லையோ எண்டு தெரியாமல் சொல்ல விரும்பேல்லை. நேற்றுத்தான் வந்தது. ரிசேர்வில நீங்கள் இருக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனால் இந்த வீடு உங்களுக்கில்லை."

கைபேசியை அவனிடம் நீட்டினாள். திரையில் அவனுக்கு நன்றாகப் பழக்கமான விமானப்படைச் சின்னம். அதன் கீழே, ரிசேர்வின் மருத்துவக் குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பதாகவும் அடுத்த மாதம் முதல் ஃபெனுவாபாய்த் தளத்துக்கு வரும்படியும் எழுதியிருந்த கடிதம் வதனியின் பெயருக்கு வந்திருந்தது.