அசைந்த முகம்

வீடு மாற்றுகிறவர்கள் தூக்கிப்போடும் பழைய குடும்பப் படங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைப்பவர் ஆரோக்கியதாஸ். வம்சாவளி எழுதுகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அன்று வந்த செண்பகவல்லிக்கு அறுபது வயதிருக்கும். அவள் பிறந்த பதினெட்டாம் நாள் தாய் இறந்துவிட்டாள். ஒரு படம்கூட இல்லை.

“டீச்சர் டிரெயினிங் படிச்சாங்கன்னு மட்டும் தெரியும் சார். பேரு தையல்நாயகி.”

ஊரில் அப்போது இருந்தது ஒரே பயிற்சிப் பள்ளி. ஆரோக்கியதாஸ் அலமாரியில் துழாவி, அதன் குழுப்படம் ஒன்றை எடுத்தார். கீழே பெயர்கள் அச்சாகியிருந்தன. மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது. செண்பகவல்லி விரலால் எண்ணிக்கொண்டே போய் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

மற்ற பெண்கள் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி மட்டும் படமெடுத்த நொடியில் தலையைத் திருப்பியிருந்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளுத்த கலங்கல்.

“ஆடிட்டாங்கம்மா,” என்றார் ஆரோக்கியதாஸ், தானே ஆட்டிவிட்டதைப் போல. “வேற படம் இருக்கான்னு தேடிப் பாக்கட்டுமா?”

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாரோ கூப்பிட்டிருக்காங்க சார். சட்டுன்னு திரும்பியிருக்காங்க,” என்றாள். “இதையே பெருசு பண்ணிக் குடுங்க.”