முதலில் கத்தியவருக்கே பந்து

ஏழு வருடமாகப் பேஸ்பாலில் பெனிட்டாவுக்கு மைதானத்தின் கடைக்கோடிதான் இடம். பந்து உயர வந்தால் "எனக்கு!" என்று முதலில் கத்துபவருக்கே அது, மற்றவர் ஒதுங்கிவிட வேண்டும். ஒருமுறை கத்தத் தவறி இன்னொருத்தியோடு மோதியதில் தோளும் போனது, மாநில அணியில் இடமும் போனது.

அந்த இடத்தை மீட்காமல் விடுவதில்லை என்று தினமும் விடிந்ததும் செஞ்சிக் கோட்டை மலையடிக்கு வந்துவிடுவாள். அவளுடைய நைனா சேசுராஜ் பந்தை உயர அடிப்பார். அவள் கத்துவாள், பின்னாலேயே மலையும் கத்தும்.

இன்று மலை முந்திக்கொண்டது. அவள் பழக்கதோஷத்தில் ஒதுங்கினாள். பந்து தரைக்கு வரவேயில்லை.

"புடிச்சிட்டியா?" என்றார் நைனா.

"இல்ல. இன்னொண்ணு அடி நைனா."

மறுபடியும் மலைதான் முதலில் கத்தியது. அவள் ஒதுங்கவில்லை. "எனக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிக் கையை நீட்டினாள்.

கையுறைக்குள் இரண்டு பந்துகள் இருந்தன. ஒன்றில் யாருடைய கைச்சூடோ இன்னும் ஆறவில்லை.